துணைக்கு வந்தவர்

1993 ஐப்பசி. டீ இடைவேளைச் சங்கு இப்போதுதான் ஓய்ந்திருக்கிறது. அம்பத்தூர் அரசுத் தொழிற்சாலையில், பெர்சனல் ஆபீசர் அறைக்கு வெளியே ராஜம்மா பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருக்கிறாள். ஆட்குறைப்பு நடக்கிறது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விருப்ப ஓய்வுக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். யூனியனில் யாராக இருந்தாலும் தனியாக உள்ளே போகக் கூடாது, ஒருவர் துணைக்குப் போக வேண்டும் என்பது சங்கத்தின் முடிவு. கூட்டத்தில் அதை முன்மொழிந்த செயலாளர் குணசேகரன்தான் இன்று அவளுக்குத் துணை. அவருடைய முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கிறது, பெஞ்சும் கூடவே ஆடுகிறது. மோட்டார் கம்பிச்சுருளுக்குப் பூசும் வார்னிஷ் ராஜம்மாவின் விரலில் காய்ந்திருக்கிறது, அதை நகத்தால் உரித்துப் போடுகிறாள். கதவின் மங்கல் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நிழல் எழுந்து மறுபடி உட்காருகிறது.

"இன்னா கேட்டாலும் வாயத் தொறக்காத. நான் பேசிக்கிறேன்."

"நான் வாயத் தொறக்காம இருந்தேன்னா என் ஊட்டுக்காரரே நம்ப மாட்டாரு."

அவர் சிரிக்கவில்லை. கதவு திறக்கிறது. பியூன் அவள் பெயரைக் கூப்பிடுகிறான். பிறகு குணசேகரனைப் பார்த்துவிட்டு உள்ளே போய், ஒரு கறுப்புக் குடையோடு வருகிறான்.

"நேத்து சாயந்தரம் எல்லாரும் போனப்புறம் வந்தப்ப உள்ளயே வெச்சிட்டுப் போய்ட்டீங்களேண்ணே."

குடையை வாங்க நீண்ட கை பாதியில் நிற்கிறது. ராஜம்மா எழுந்துவிட்டாள். ஆனால் உள்ளே போகவில்லை.

"நேத்து நீ யாரக் கூட்டிகினு உள்ள போன, அண்ணாத்தே?"