காதளவு

கத்தரிக்கோலின் குளிர்ச்சி கழுத்தில் பட்டதும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

யாரும் குனியச் சொல்லவில்லை.

தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். அருகில் பித்தளைச் செம்பு நிறையத் தண்ணீர். அதையும் யாரும் கேட்கவில்லை.

"தண்ணி எதுக்கு மேன்?" என்றாள் ஐவி. "நான் கத்தரிக்கப் போறேன். செரைக்கப் போறதில்ல."

விடுதியில் இருவருக்கும் ஒரே அறை. ஐவி பெரம்பூர்க்காரி, ஆங்கிலோ இந்தியப் பெண், தந்தி ஆபீசில் வேலை. ஆணோ பெண்ணோ, எவரையும் மேன் என்றுதான் அழைப்பாள். சென்ற கிறிஸ்துமசுக்குத் தன் நீண்ட கூந்தலைக் காதளவுக்கு வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். பாப் என்று அதற்குப் பெயர் சொன்னாள். சீமையில் இப்போது எல்லாப் பெண்களும் இப்படித்தானாம்.

விடுதி முழுக்க அதையே பேசிற்று. அறைத்தோழி மட்டும் பேசவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தாலி போனபோது அவளுக்குப் பல்லாங்குழி ஆடும் வயது. பெரியவளானதும் நாவிதரை வரவழைத்தார்கள். அதன்பின் மாதந்தோறும் கொல்லைப்புறத்தில், குனிந்த தலையும் செம்புத் தண்ணீருமாக.

ஊரை விட்டுப் படிக்க வந்த பிறகுதான் கத்தி நின்றது.

முடி முளைத்தது. பின்னவும் எட்டாமல், மறைக்கவும் அடங்காமல், ஓரிடத்தில் நீண்டு ஓரிடத்தில் குட்டையாக. அதை முக்காட்டுக்குள் வைத்துக்கொண்டே ஆசிரியைப் பயிற்சியை முடித்தாள்.

இன்று மயிலாப்பூர்ப் பள்ளியில் வேலைக்குச் சேர வேண்டும்.

பயிற்சிக்குப் போனதும் அதே பள்ளிக்கூடம்தான். முதல் நாள் முன்தெரு வழியாகப் போனாள். ஒரு வீட்டு வாசலில் குடையும் கையுமாக ஒருவர் ஆபீசுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். முக்காட்டையும் அதற்குள் இருந்த தலையையும் பார்த்தார். வீட்டுக்குள் திரும்பிப் போனார். சகுனத் தடை கழிய அவர் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடிப்பது ஜன்னல் வழியே தெரிந்தது.

மறுநாள் முதல் அவள் பின்சந்து வழியாகப் போனாள். சாக்கடையும் எருமைகளும் இருக்கும் சந்து. அங்கே யாரும் எங்கும் புறப்படுவதில்லை.

இன்று முன்தெருவில் நடக்க வேண்டும். முக்காடில்லாமல்.

ஐவியிடம் அவள் கேட்டது அவ்வளவுதான்.

"எழுந்திரு. நாற்காலியில உக்காரு."

உட்கார்ந்தாள். எதிரே கண்ணாடி. அவள் தலை மறுபடியும் தாழ்ந்தது.

"தலைய தூக்கு மேன். தரையில என்னத்தத் தேடுறே?"

தூக்கினாள்.

தன் தலையில் நடப்பதை அவள் கண்ணால் பார்ப்பது அதுவே முதல் முறை. ஐவி நாக்கை மடித்துக் கடித்தபடி வெட்டினாள். நீண்ட இடம் குட்டை இடத்தோடு சமாதானம் ஆயிற்று. நெற்றியில் ஒரு வரிசை நேராக வந்து நின்றது. காதின் மடலுக்குக் கீழே ஒரு கோடு.

தரையில் விழுந்தது ஒரு பிடி மயிர்.

மீதி எல்லாம் தலையில் இருந்தது.

"தெருவில எவனாவது ஏதாவது சொன்னா எங்கிட்ட சொல்லு. நான் வந்து கேக்குறேன்" என்றாள் ஐவி. செம்புத் தண்ணீரை எடுத்து ஜன்னலோரத்துத் துளசித் தொட்டியில் ஊற்றினாள்.

டிராமிலிருந்து இறங்கியதும் சந்துமுனையில் கால்கள் தாமாகவே திரும்பப் பார்த்தன. நிறுத்தினாள். முன்தெருவுக்குள் நுழைந்தாள்.

அதே வாசல். அதே குடை.

அவர் படியிறங்கிக்கொண்டிருந்தார். உள்ளிருந்து மனைவி வெற்றிலைப் பெட்டியை நீட்டினாள்.

தெருவில் வந்தவள் சுவரோரம் ஒதுங்கினாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ளப் போனாள். உடம்புக்குப் பழகிப் போன மரியாதை அது. தலையைத் தூக்கு என்ற குரல் நினைவுக்கு வந்தது. திரும்பாமல் நின்றாள்.

அவர் பார்த்தார். காலிலிருந்து மேலே வந்த பார்வை தலையில் போய் நின்றது. அங்கேயே சிறிது நேரம் நின்றது.



"நன்னாயிருக்கு லோகம்!" என்றார். "கூந்தலைக் கத்தரிச்சுண்டு துரைசானி கிளம்பிட்டா, ஊரைக் கெடுக்க!"

"யாரைச் சொல்றேள்?" என்றாள் மனைவி.

"யாரையோ. நீ வாசல்ல நின்னுண்டு இதையெல்லாம் பார்த்துக் கத்துக்காதே. உள்ளே போ."

கடைசிப் படியிலும் இறங்கினார். குடையை விரித்தார். அவளுடைய நிழலை மிதித்துக்கொண்டு, அவளைக் கடந்து, தெருக்கோடி வரை போனார். இன்னும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போனார்.

திரும்பவில்லை.

வீட்டுக்குள் போகவில்லை. உட்காரவில்லை. தண்ணீர் கேட்கவில்லை.

அவளுடைய கை தலைப்பை இழுக்க மேலே போயிற்று. வழியில் காதோரத்து முடி தட்டுப்பட்டது. கை அங்கேயே தங்கிவிட்டது.

பள்ளியில் முதல் மணி அடித்தது.

சாயங்காலம் ஐவி கேட்பாள், யாராவது ஏதாவது சொன்னார்களா என்று. துரைசானி என்றார் என்று சொல்ல வேண்டும். ஊரைக் கெடுக்க என்றதையும் விடாமல் சொல்ல வேண்டும்.

ஐவி சண்டைக்குக் கிளம்புவாள். கையைப் பிடித்து உட்கார வைக்க வேண்டும்.

அவள் நடந்தாள். தெருவின் நடுவில்.