பாதி முகவரி

கிடங்கில் உட்காரும் அம்மா மூன்றாவது முறையாக அவன் மேசைக்கு வந்துவிட்டார்.

“தம்பி, அந்த லாரிக்காரர் அனுப்பற மெயில் நமக்கு வருது. நாம போடற பதில்தான் அவருக்குப் போய்ச் சேரவே இல்லையாம்.”

அலுவலகத்தின் மெயில் சர்வரைக் கட்டி மேய்ப்பவன் அவன். பழியை மெயில் மேல் போடுவது எல்லாருக்கும் கைவந்த கலை என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அந்த அம்மா நகர்கிற மாதிரித் தெரியவில்லை. லாரிக்காரரின் மெயில் எப்படி வந்தது என்று சர்வரின் பதிவைத் திறந்து பார்த்தான்.

அனுப்பியவர் முகவரி பாதிதான் இருந்தது. வெறும் பெயர்; @ குறிக்குப் பின்னால் எதுவும் இல்லை. மீதிப் பாதியாக இந்த அலுவலகத்தின் முகவரியை சர்வரே ஒட்டியிருந்தது.

ஒட்டச் சொன்னது அவன்தான். மூன்று வருடத்துக்கு முன், மாடியிலுள்ள ஸ்கேனர்கள் வெறும் பெயரோடு அனுப்பிய மெயிலெல்லாம் திரும்பிக்கொண்டிருந்தது. முகவரி பாதியாக வந்தால் நம் அலுவலகப் பெயரைச் சேர்த்துவிடு என்று ஒரே வரி எழுதினான். மேலாளர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

உள்ளிருந்து வருபவற்றுக்கு மட்டும் என்று சொல்ல மறந்துபோனான். வெளி ஆளையும் சர்வர் வீட்டு ஆளாக்கிவிட்டது. அவருக்குப் போட்ட பதில் வாசலையே தாண்டாமல், ஆளில்லாத பெயர்களுக்கென்று அவன் வைத்திருந்த பொதுப் பெட்டியில் விழுந்திருக்கிறது.

அந்தப் பெட்டியை யாரும் திறந்ததில்லை. திறந்தான். நாலாயிரத்துச் சொச்சம். லாரிக்காரரைத் தேடிக் கீழே போகப் போக, தன் பெயரே கண்ணில் பட்டது.

பதினொரு கடிதங்கள். அத்தனையும் அவன் அக்காவுக்கு எழுதியவை.

அப்பா அக்காவை வீட்டை விட்டு விரட்டிய அன்று அவன் வாயைத் திறக்கவில்லை. எங்கோ ஒரு சலவைக்கடையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கிருந்த பழைய கம்ப்யூட்டரிலிருந்து அவனுடைய அலுவலக மெயிலுக்கு அவள் ஞாயிறுதோறும் எழுதினாள். ஏன்டா பதிலே போடல என்று ஒவ்வொன்றிலும் கேட்டாள்.

அவன் அன்றன்றே பதில் போட்டான். எங்கே இருக்கிறாய், வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று கெஞ்சினான். திரையில் ‘அக்கா’ என்று மட்டும் தெரிந்தது. அந்தப் பழைய கம்ப்யூட்டரும் பாதி முகவரியோடுதான் அனுப்பியிருக்கிறது; முழு முகவரியை யார் பார்க்கிறார்கள். விளக்கடியில் இருட்டு.

அன்று வாய் திறக்காததை வேண்டுமென்றே குத்திக்காட்டுகிறாள் என்று எரிச்சல் ஏறி, பதினொன்றாவது பதிலில், எனக்கு அக்காவே இல்லை, இனி எழுதாதே என்று எழுதிவிட்டான்.

அதோடு அவள் நிறுத்திவிட்டாள். இரண்டு வருடமாகிறது. நாக்கில் சனி இருந்ததே என்று அவன் தன்னை நொந்துகொள்ளாத நாளில்லை.

அந்தப் பதில் இதோ, பிரிக்கப்படாமல் கிடந்தது. அக்கா அதைப் படிக்கவே இல்லை. அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கிடங்கு அம்மா பக்கத்தில் நிற்பதையும் மறந்து வாய்விட்டுச் சிரித்தான்.

சிரித்தபடியே அதைத் திறந்தான். அவன் எழுதிய இரண்டு வரிக்குக் கீழே, எதற்குப் பதிலாக அப்படி எழுதினானோ அந்தக் கடிதமும் ஒட்டிக்கொண்டிருந்தது. அக்காவின் கடைசிக் கடிதம்.

‘நீ பதில் போடாட்டியும் பரவால்லடா. நான் உசுரோட இருக்கற வரைக்கும் வாராவாரம் எழுதிக்கிட்டேதான் இருப்பேன்.’