நாத்தனாரின் நோட்டு

இவள் தட்டில் எது விழுந்தாலும் நாத்தனார் நோட்டை எடுத்துவிடுவாள்.

நாத்தனாருக்கு டீச்சர் வேலை. பரீட்சை ஹாலில் பிட்டு அடிக்கிறவனை முதுகைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். ஆனால் வாயைத் திறக்க மாட்டாள். கடைசி மணி அடித்த பிறகுதான் கையைப் பிடிப்பாள். பதினோரு மாசமாக அந்தக் கண் இவள் தட்டின் மேல் இருந்தது. "அண்ணி, அது அரைக் கரண்டியா, முக்காலா?" என்று கேட்டு எழுதிக்கொள்வாள். ஆபீசுக்குப் போகும் டிபன் பாக்ஸையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் மூடுவாள்.

நாலு வருஷம் முன்னால், எடை குறைய, இவளுக்கு இரைப்பையைச் சுருக்கி ஆபரேஷன் செய்தார்கள். போனது முப்பது கிலோ, திரும்பி வந்தது இருபத்தெட்டு. இப்போது மாடிப்படியைக் கண்டாலே முழங்கால் கெஞ்சுகிறது.

புருஷன் தங்கமானவன். பிஸ்கட் டப்பா காலியாகும்போதெல்லாம், "விடு, ஆசைப்பட்டுத் தின்னிருப்பா," என்று தங்கையிடம் பரிந்து பேசுவான். தொடவே இல்லை என்று இவள் சொன்னால் யார் நம்புவார்கள்? உடம்பே எதிர்ச்சாட்சி சொல்கிறது.

மறு ஆபரேஷனுக்கு வேறு டாக்டர். புருஷனோடு நாத்தனாரும் நோட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கூடவே கிளம்பினாள்.

டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார். "இரைப்பை பெரிசா இருக்கு. முதல்ல செஞ்சவர் மிச்சம் விட்டிருக்கலாம். இல்லே, நீங்க தின்னே விரிச்சிருக்கலாம். தின்னு விரிச்சதுன்னா நான் கத்தி வைக்க மாட்டேன். மறுபடியும் விரியும்."

"அளவாத்தான் சாப்பிடறேன், டாக்டர்."

"இங்க வர்ற எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க." அவர் புருஷனைப் பார்த்தார்.

புருஷன் தொண்டையைச் செருமினான். "ரொம்ப நல்லவ, டாக்டர். வாயைத்தான் கட்ட முடியலை. பிஸ்கட் டப்பா ரெண்டு நாள் தாங்காது."

இவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டாக்டர் ஃபைலை மூடினார்.

மூடிய ஃபைல் மேல் நாத்தனார் நோட்டை வைத்தாள். போச்சு, எல்லாம் முடிந்தது என்று இவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டர் ஒரு பக்கம் புரட்டினார். பிறகு பத்துப் பக்கம். தேதி, நேரம், அளவு, ஒரு நாள் விடாமல். நடுவில் நிமிர்ந்து, "உங்க எடை எவ்வளவு, சார்?" என்று புருஷனைக் கேட்டார். எதற்கென்று இவளுக்குப் புரியவில்லை.

"இவ்வளவு கொஞ்சமா சாப்பிட்டா எந்த இரைப்பையும் விரியாது," என்றார் டாக்டர். "கோளாறு முதல் ஆபரேஷன்லதான். அடுத்த வாரம் வந்து சேர்ந்துடுங்கம்மா."

வாசலில் புருஷன் காரை எடுக்கப் போனான். இவள் மெதுவாகச் சொன்னாள். "நீ என்னை நம்பலை, அதனாலதான் எழுதறதா நினைச்சேன்."

"நம்பாதவ எதுக்கு அண்ணி மெனக்கெட்டு எழுதணும்? உங்களைப் பார்த்தே முடிவு பண்ணிட்டுப் போயிருப்பேனே," என்று நோட்டைக் கையில் கொடுத்தாள்.

இவள் பிரித்துப் பார்த்தாள். பக்கத்துக்குப் பக்கம், அடியில், சிவப்பு மையில் ஒரு வரி இருந்தது.

'பிஸ்கட்: அண்ணன்.'