ஆகாய என்ஜினும் அடுத்த வீடும்

“நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகினம்! இந்த இரும்பை அங்காலை எடுத்து வையுங்கோ!”

“பல்லுச்சக்கரம் பூட்டாமல் இதை அசைக்கேலாது!”

“வாற ஆக்கள் எங்கை இருக்கிறது? இதுக்கு மேலையோ?”

புனிதமலரும் புருஷன் கிறிஸ்தோப்பரும் போட்ட சத்தத்தில் முல்லைத்தீவுக் கரையில் காய்ந்த கருவாடே துள்ளியிருக்கும். பக்கத்து வளவில் அரிசி களைந்துகொண்டிருந்த யூலிற்றா, அரிக்கன்சட்டியை அப்படியே வைத்துவிட்டு வேலியோரம் போனாள். அங்கே இரண்டு கிடுகுகளை முன்பே விலக்கி வைத்திருந்தாள். காற்று வரட்டும் என்றுதான்.

ஆறு மாதமாக இதே கூத்து. யுத்தம் முடிந்து வெள்ளைக்காரன் வவுனியா விமானத் திடலில் விட்டுப்போன என்ஜின் ஒன்றைக் கிறிஸ்தோப்பர் பழைய இரும்போடு இரும்பாக வாங்கி வந்திருந்தார். அதை வள்ளத்தில் பூட்டினால், பாய் விரிக்கிறவர்கள் எட்டாத தூரம் போய் வலை விடலாமாம்.

ஆனால் ஆகாயத்தில் காற்றை வெட்டிய என்ஜின் அவசரக்காரன். அந்த வேகத்தில் தண்ணீர் விசிறியைச் சுற்றினால் நுரைதான் மிஞ்சும். வேகத்தைக் குறைக்க, பழைய லொறியின் பல்லுச்சக்கரங்களை நடுவில் பூட்டினார், கழற்றினார், மறுபடி பூட்டினார். ஒவ்வொரு தரமும் வளவுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தார். யூலிற்றாவின் கோழி, அடைகாத்த முட்டைகளை விட்டு ஓடியே போனது.

மனுசன் இப்போது கோயில் பக்கமும் வருவதில்லை. அன்று மாலை திருந்தாதி மணி அடிக்க, தெருவே நின்று சிலுவை போட்டது. கிறிஸ்தோப்பர் மட்டும் தலை நிமிராமல் இரும்பை அராவிக்கொண்டிருந்தார்.

“கடவுளோடையும் கோவம் போலை,” என்று யூலிற்றா வேலிக்குச் சொன்னாள்.

மறுநாள் மாப்பிள்ளையின் தாய் வந்தார். அயலில் விசாரிக்காமல் பெண் எடுக்கலாமா? முதலில் யூலிற்றா வீட்டுப் படலையைத்தான் திறந்தார்.

“பெட்டை இரஞ்சிதம் எப்பிடி?”

“தங்கம்!” யூலிற்றா குரலைத் தாழ்த்தினாள். “தாய் தேப்பன்தான்… விடிஞ்சால் பொழுதுபட்டால் சண்டை. நான் சொன்னதெண்டு சொல்லிப்போடாதேங்கோ.”

அந்த நேரம் பார்த்து, “நேரமாகுது, வேட்டியைக் கட்டிச் சேட்டைப் போடுங்கோ!” என்று அடுத்த வீட்டில் புனிதமலர் அலறினாள். வந்தவர், கொண்டுவந்த வாழைப்பழச் சீப்பை யூலிற்றாவிடமே கொடுத்துவிட்டு வந்த வழியே திரும்பினார்.

‘சண்டைக்கார வீடு’ என்ற பெயர் சிலாவத்தை வரை போனது. யூலிற்றா ஒருவருக்கும் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கு மட்டுமே சொன்னாள். இரஞ்சிதத்தைக் கேட்டு அதன்பிறகு எவரும் வரவில்லை.

மாரி முடிய என்ஜின் கடலில் ஓடியது. விசிறி நிதானமாகச் சுற்ற, வள்ளம் பாயில்லாமல் போனதை ஊரே கரையில் நின்று பார்த்தது. அடுத்த மாதமே கிறிஸ்தோப்பர் வள்ளத்தையும் என்ஜினையும் விற்றுவிட்டார்.

அந்த மாப்பிள்ளை செட்டிகுளத்தில் கலியாணம் கட்டினான். இவர்கள் மன்னாருக்கு, புனிதமலரின் தமையன் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். தங்களைத் தெரியாத ஊரிலாவது பிள்ளைக்கு ஓரிடம் சரிவரட்டும் என்று.

வண்டிலில் ஏறும் நேரம் யூலிற்றா கண்ணைத் துடைத்தபடி ஓடிவந்தாள்.

“புனிதம், போற இடத்திலையெண்டாலும் ரெண்டு பேரும் சண்டை பிடியாதேங்கோ. பிள்ளையின்ரை சீவியமெல்லோ!”

புனிதமலர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். புனிதத்தின் குரல் இவ்வளவு மெல்லியதென்று யூலிற்றாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

“அவரைக் கடலுக்கு ஆரும் சேர்க்கமாட்டினம் எண்டுதான் ஒளிச்சனாங்கள், அக்கா. அந்த என்ஜின் சத்தத்திலை அவருக்குக் காது போச்சுது.”