மாற்றி வாசித்த கொலை

மலைமேல் இருக்கும் வளப்பூர் நாட்டில் மதியத்துக்கே மூடுபனி இறங்கியிருக்கிறது. இருண்ட வீட்டுக்குள் டிவியின் நீல வெளிச்சம் சுகந்தியின் மடியில் கிடக்கும் மிளகுக் கொத்துகளின் மேல் விழுகிறது. விரல்கள் உதிர்க்க உதிர்க்க மணிகள் முறத்தில் சடசடவென்று கொட்டுகின்றன. கண் மட்டும் மாமியார் இருசாயியின் முகத்தை விட்டு நகரவில்லை. போன மாதம் ஒரு கொலை நாவலை மாமியாருக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டியவள் அவள்தான். மருமகளுக்குப் பாயாசத்தில் விஷம் வைத்தது மாமியார் என்று கடைசி அத்தியாயத்தில் இருந்தது. அப்படியே வாசித்தால் ஜாடை பேசுகிறாள் என்று வம்பு வந்துவிடும். பயந்துபோய்ப் பழியைத் தூக்கி, கதையில் வரும் டாக்டர் தலையில் போட்டுவிட்டாள். அதே கதை இன்று டிவித் தொடராகக் கடைசிப் பகுதிக்கு வந்து நிற்கிறது.

திரையில் இன்ஸ்பெக்டர் மாமியாரைத் தாண்டி, டாக்டரையும் தாண்டிப் போய், கொழுந்தன் கையில் விலங்கை மாட்டுகிறார். சுகந்தி விடுகிற பெருமூச்சில் முறத்திலிருந்த காம்புத் துணுக்குகள் பறக்கின்றன.

“ஏங்கண்ணு, புஸ்தகத்துல டாக்டருதான?”

“ஆமாங்கத்தை. டிவிக்காரங்க மாத்திப்புட்டாங்க.”

“போ கண்ணு, எழுதுனவனுக்கும் வெவரம் பத்தல, எடுத்தவனுக்கும் வெவரம் பத்தல.” இருசாயி வெற்றிலைக் காம்பைக் கிள்ளி எறிகிறாள். “பாயாசத்தக் கிண்டுனதே அந்த மாமியாக்காரி. அவள உட்டுப்போட்டு ஊரெல்லாம் தேடறானுக! நானா இருந்தா மொத நாளே அவளப் புடிச்சு உள்ள போட்டிருப்பேன்.”