எல்லைத் தகராறு

பாதிரியார் மறுபடியும் தும்மினார். சடங்கு மறுபடியும் நின்றது.

மாமனாராகப் போகிற தோன் பெலாசியோ முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, நொடிக்கொரு தரம் கோயில் வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதற்குப் பார்க்கிறார் என்று எனக்கா தெரியாது?

தாத்தா காலத்துப் போருக்குப் போன அவர் குடும்பத்து ஆண்கள் ஒருவர்கூடத் திரும்பவில்லை. போருக்குப் போகிறவனுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று காக்குப்பே ஊர் மாதா சிலை முன்னால் மண்டியிட்டுச் சத்தியம் செய்தவர்.

நானோ சாக்கோ காட்டில் பொலிவியாக்காரனைச் சுட்டுக்கொண்டிருப்பவன். ஒரு குட்டைக்காக ஆரம்பித்த சண்டை, பீரங்கி, விமானம் என்று வளர்ந்து வருடமாகப் போகிறது. ஆனால் பொலிவியாவும் சரி, எங்கள் பராகுவேயும் சரி, அதைப் ‘போர்’ என்று வாய்திறந்து சொல்லவில்லை.

அந்த ஓட்டையில்தான் நான் தலையை நுழைத்தேன்.

“போரா? யாரு சொன்னா? சும்மா எல்லைத் தகராறு மாமா,” என்றேன். குண்டடி பட்ட கையில் அப்போது பெரிய கட்டு.

அவர் என் கைக்கட்டை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஏனோ சம்மதித்துவிட்டார்.

அதிபர் இன்றோ நாளையோ போரை அறிவிப்பார் என்று ஊரெல்லாம் பேச்சு. இந்த நேரம் பார்த்துத் தந்தி வந்தால் என் கல்யாணம் அம்பேல்.

பக்கத்தில் நின்ற மணப்பெண் எமெரென்சியா என் விரலைக் கிள்ளினாள். ஒருவழியாகப் பாதிரியார் கேள்வியைக் கேட்டார். நான் கத்திய “சம்மதம்” வெளியே கட்டியிருந்த குதிரைகளையே மிரள வைத்தது. அவளும் சொன்னாள். முடிந்தது.

மாமனார் எழுந்து வாசலைப் பார்த்துக் கையசைத்தார். தந்தி ஆபீஸ் நிகானோர் உள்ளே ஓடிவந்து, போர் அறிவிக்கப்பட்டுவிட்டது என்று கூவினான். மணி அடித்தது. பெண்கள் அழத் தொடங்கினார்கள்.

மயிரிழையில் தப்பினேன் என்று நிகானோரிடம் பூரித்துப்போய்ச் சொன்னேன்.

“நீ எங்க தப்பிச்சே? நேத்தே தந்தி வந்துடுச்சு. உன் மாமனாருதான் என்னைக் கோழிக்கூண்டுல போட்டுப் பூட்டிட்டாரு. காலையிலதான் திறந்துவிட்டு, கையசைக்கிற வரைக்கும் வாசல்லயே நில்லுன்னாரு,” என்றான் அவன், சட்டையில் ஒட்டியிருந்த இறகைத் தட்டிவிட்டபடி.

மாமனார் என்னைக் கட்டிக்கொண்டார்.

“மாதாவையே ஏமாத்திட்டேன்டா,” என்றார் காதோரமாக. “நீ செத்துகித்துத் தொலைஞ்சு என்னை அவகிட்ட மாட்டிவிட்டுடாதே.”