கெத்தின் ப்ராஸர் வீட்டுக் கரை

வேல்ஸ்காரர்களைத் தடுக்க எட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேய அரசன் ஒருவன் எழுப்பிய நீண்ட எல்லை மண்கரை அது. அதைப் பாதுகாப்பது என் வேலை. அங்கே ஆட்டுப் பண்ணை வைத்திருக்கும் கெத்தின் ப்ராஸர், கரையை ஒட்டிய பள்ளத்தில் செத்த ஆடுகளைக் கொட்டுவான். அவற்றின் காதில் மாட்டிய மஞ்சள் அடையாள வில்லையைக்கூடக் கழற்ற மாட்டான். போன மாதம் கரையையே புல்டோசரால் தள்ளி, அந்தப் பள்ளத்தை மூடிவிட்டான்.

"வெறும் மண்ணுதானே மேடம்?" என்று சிரித்தான்.

இன்று காலை அவனே போன் செய்தான். "கரை திரும்பி வந்துடுச்சு மேடம். வீட்டைச் சுத்தி நிக்குது. எடுக்க அனுமதி குடுங்க."

போனேன். அழுகல் நாற்றம். கரை மாடி ஜன்னல்வரை உயர்ந்திருந்தது. பழைய புல், முள்செடி, முயல் வளை எல்லாம் அதில் இருந்தன. ஜன்னலில் அவன் முகம் தெரிந்தது.

"கதவு திறக்கல மேடம்!"

"பாதுகாக்கப்பட்ட சின்னம். ஒரு பிடி மண்ணக்கூட எடுக்க முடியாது," என்றேன். சொல்லும்போது எனக்கு இனித்தது. காரை நோக்கி நடந்தேன்.

காரை எட்டியதும் திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் இருந்த இடத்தில் புல். மஞ்சள் வில்லை போட்ட ஆடுகள் அதை மேய்ந்துகொண்டிருந்தன. நாற்றம் அவற்றிடமிருந்துதான் வந்தது.